மூன்று பாட்டிலும் ஒரு மாத்திரையும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 56 வயது, தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஆறு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து, கோட்டயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொலஸ்ட்ராலுக்கு அட்டார்வாஸ்டாட்டின் 40, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். அப்போது 148 இருந்த எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இரண்டு மாதத்துக்கு முன்னால் பார்த்தபோது 71. இவருடைய அக்கா மகன் கம்பத்தில் ஏதோ செயின் மார்க்கெட்டிங்கில் சேர்ந்திருக்கிறான். மூன்று பாட்டில் கேப்சூல் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்றில் கிரீன் டீயும் திராட்சை விதையும், ஒன்றில் மஞ்சளும் மிளகும், இன்னொன்றில் குடம்புளி. எல்லாம் ஆன்டிஆக்சிடன்ட்டாம். ரத்தக்குழாய் அடைப்பைக் கரைத்துவிடும், மூன்று மாதத்தில் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறான். இவருக்குக் கெண்டைக்கால் வலி வேறு இருக்கிறது. அது மாத்திரையால்தான் என்று சொல்லி இப்போதே வாரத்தில் பாதி நாள் அதை விட்டுவிடுகிறார். மாமியார் மருதம்பட்டைக் கஷாயமும் வைத்துக் கொடுக்கிறார். இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? கேப்சூல் ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. பத்து நாளாக இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அசதியாக இருக்கிறார். வேலை அதிகம், அதனால்தான் என்று நினைக்கிறோம்.

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஃபேக்டரி வேலையில் அசதி சகஜம்தான். ஆனால் ஐந்து வாரமாக மூன்று விதத் தாவரச் சத்துக் கேப்சூல்களைச் சேர்த்து விழுங்குகிறவருக்குப் பசி அடைத்துப்போனால் நான் முதலில் கல்லீரலைத்தான் சந்தேகப்படுவேன். மூன்று பாட்டிலையும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதில்லை. இவற்றைச் சட்டென்று நிறுத்துவதால் எந்தக் கெடுதலும் வராது. கஷாயத்தையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். அது கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. ஈரலில் பிரச்சினை இருந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகத்தான். நாளைக்கே குமுளியிலோ கம்பத்திலோ ஒரு லேபில் லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் அளவுகள் எல்லாம் அதிலேயே வந்துவிடும். கண் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தாலோ, சிறுநீர் கட்டஞ்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ ரிப்போர்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பாட்டிலை நிறுத்தச் சொன்னேன் என்று ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு வேளைகூட விடக்கூடாது. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஒரு வருடம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு ஒன்று மட்டும் தொடரும். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போதுதான் ஆறு மாதம். நடுவில் விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து இன்னொரு மாரடைப்பு வரலாம், அது பெரும்பாலும் முதலில் வந்ததைவிட மோசமாக இருக்கும். அட்டார்வாஸ்டாட்டின் அபூர்வமாக ஈரலைத் தொடும். எஸ்.ஜி.பி.டி. மேல்வரம்பைப்போல மூன்று மடங்கைத் தாண்டியிருந்தாலோ பிலிருபின் ஏறியிருந்தாலோ அதைச் சில நாள் நிறுத்திவைக்கலாமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். அதுவரை தினமும் சாப்பிடட்டும்.

இயற்கைப் பொருள் எப்படி ஈரலைக் கெடுக்கும் என்று பாட்டில் கொண்டுவந்த மருமகன் கேட்பார். மஞ்சளை எடுத்துக்கொள்வோம். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். கேப்சூலுக்கு 500 மில்லிகிராம் மஞ்சள் சத்து, அதில் 95 சதவீதம் குர்குமினாய்டு என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். அதாவது ஏறக்குறைய 475 மில்லிகிராம் குர்குமின். நாம் குழம்பில் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் 3 முதல் 5 சதவீதம்தான். ஆகவே அந்த ஒரு கேப்சூலில் 10, 15 கிராம் மஞ்சள்தூளில் இருக்கும் குர்குமின் இருக்கிறது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் 20, 30 கிராம். ஒரு ஆள் ஒரு நாளில் அவ்வளவு மஞ்சளை எந்தக் குழம்பில் போட்டுச் சாப்பிடுவார்?

அப்புறம் மிளகு. குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் சுலபமாகப் போவதில்லை. போனதையும் ஈரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998-ல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில் இரண்டு கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின், அதாவது மிளகின் காரச் சத்தை, சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. அன்றிலிருந்து கம்பெனிகள் இரண்டையும் சேர்த்தே விற்கின்றன. ஆனால் பிப்பெரின் குர்குமினுக்கு மட்டும் கதவு திறந்துவிடுவதில்லை. ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையே அது மட்டுப்படுத்துகிறது. அட்டார்வாஸ்டாட்டின் சிதைவதும் அப்படிப்பட்ட ஒரு நொதியால்தான். உடம்பு அந்நியப் பொருளை வெளியேற்றும் வழியை அடைத்துவிட்டு, அதே நேரத்தில் அதிக அளவில் ஒரு பொருளை உள்ளே அனுப்புகிறோம். மஞ்சள் சத்துக் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்ததாக இத்தாலியில் 2019-ல் வரிசையாகப் புகார்கள் வந்தன. அதன்பிறகு வேறு நாடுகளிலும் வந்தன.

கிரீன் டீ சத்தும் அப்படித்தான். அதில் ஈ.ஜி.சி.ஜி. என்ற கேட்டசின் வகைப் பொருள் இருக்கிறது. கோப்பையில் காய்ச்சிக் குடித்தால் ஒரு கோப்பைக்கு 50 முதல் 100 மில்லிகிராம் அளவு வரும். வெறும் வயிற்றில் கேப்சூலாகப் போடும்போதுதான் சிக்கல். நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ கேப்சூலாகச் சாப்பிட்டால் ஈரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் பதிவு செய்தது. காய்ச்சிக் குடிக்கும் தேநீருக்கு அந்தக் கவலையை அது சொல்லவில்லை. குடம்புளியைப் பற்றி உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகையில் காய்ந்து கறுத்த அந்தச் சுளை இரண்டை மீன்குழம்பில் போட்டால் எந்தத் தப்பும் இல்லை. அதன் தோலிலிருந்து ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலத்தை மட்டும் பிரித்து எடுத்து, எடை குறைக்கும் மாத்திரையாக உலகமெல்லாம் விற்கிறார்கள். அந்த மாத்திரையால் ஈரல் கெட்டு, மாற்று ஈரல் வைக்கும் நிலைக்குப் போனவர்கள்கூட உண்டு. உங்கள் வீட்டுக்காரர் சாப்பிடுவது இந்த மூன்றையும் சேர்த்து.

சரி, ஈரலை விட்டுவிட்டு அடைப்புக்கு வருவோம். மருமகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல விஞ்ஞானிகளே ரொம்ப நாள் நம்பிய பாதி அது.

எல்.டி.எல். என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் துகள். அது அதிகமாக இருந்தால் ரத்தக்குழாயின் உள்தோலுக்கு அடியில் நுழைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டுப்போகிறது, அதாவது ஆக்சிஜனேற்றம் ஆகிறது. கெட்டுப்போன இந்தத் துகளை வெள்ளணுக்கள் கண்மண் தெரியாமல் விழுங்கி, கொழுப்பு நிறைந்து உப்பி, அங்கேயே படிகின்றன. அடைப்பு ஆரம்பிப்பது இப்படித்தான். வெள்ளணுக்கள் சாதாரண எல்.டி.எல்.லை விட மாற்றமடைந்த எல்.டி.எல்.லைத்தான் அளவில்லாமல் விழுங்கும் என்பதை 1979-ல் காட்டியவர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக 1985-ல் நோபல் பரிசு வாங்கியவர்கள். உடம்புக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது ஆக்சிஜனேற்றம்தான் என்ற கருத்தை டேனியல் ஸ்டெயின்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1989-ல் தெளிவாக எழுதினார்கள். அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளை, அதாவது ஆன்டிஆக்சிடன்ட்டை, கொடுத்தால் அடைப்பு வராதே என்று எல்லோருக்கும் தோன்றியது. நியாயமான எண்ணம்தான்.

அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி சோதனைக்குழாயில் கிடைத்தது. கல்லூரி ஆய்வகங்களில் இதைத் தினமும் பார்க்கலாம். டி.பி.பி.எச். என்று ஒரு ரசாயனம், மெத்தனாலில் கரைத்தால் கருநீலம் கலந்த ஊதாவாக இருக்கும். அதில் ஓர் இலைச் சாற்றைச் சில சொட்டு விட்டு அரைமணி நேரம் இருட்டில் வைத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று கருவியில் 517 நானோமீட்டரில் அளந்து, இந்த மூலிகையின் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல் இவ்வளவு என்று எழுதிவிடுவார்கள். துளசி, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, ஏலக்காய், மாதுளந்தோல், எதைப் போட்டாலும் வெளுக்கும். முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சியாக நல்லது. ஆனால் அந்தக் குழாயில் குடல் இல்லை, ஈரல் இல்லை, ரத்தக்குழாய்ச் சுவரும் இல்லை. உணவுப் பொருள்களின் இந்த வகை ஆற்றலை வரிசைப்படுத்தி அமெரிக்க வேளாண் துறையே ஒரு பட்டியலை இணையத்தில் வைத்திருந்தது. கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன, சோதனைக்குழாய் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்று சொல்லி 2012-ல் அவர்களே அதை நீக்கிவிட்டார்கள்.

சோதனைக்குழாயை விட்டு மனிதர்களிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பிரிட்டனில் இதயநோயோ சர்க்கரையோ இருந்த 20,536 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2002-ல் முடிவு வந்தது. அதன் அழகு என்னவென்றால், ஒரே ஆய்வில் இரண்டையும் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அட்டார்வாஸ்டாட்டினைப் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. அதே ஆட்களையே இன்னொரு முறை பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு விட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும், மறுபாதிக்கு அதற்கும் போலி. ஐந்து வருடம் பார்த்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய கால்பங்கு குறைந்தன. விட்டமின் சாப்பிட்டவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. 2000-ல் வந்த இன்னொரு ஆய்வில் 9,000-க்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு நாலரை வருடம் விட்டமின் ஈ கொடுத்தும் அதே கதைதான். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களில் பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின் கொடுத்தபோது அவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. ஆன்டிஆக்சிடன்ட் என்றால் நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்குப் பீடிப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பேச வேண்டியது முதலில் அதைப் பற்றித்தான்.

விட்டமின் வேறு, மூலிகை வேறு என்பார் மருமகன். அதையும் பார்த்திருக்கிறார்கள். 2022-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 200 பேரை எட்டுக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், அதாவது அதன் குறைந்த அளவு. மற்றவர்களுக்கு மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று கடையில் விற்கும் கேப்சூல்கள், ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை. 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை ஏறக்குறைய 38 சதவீதம் இறக்கியது. மற்ற எதுவும் போலி மாத்திரையை மிஞ்சவில்லை. பூண்டுக் கேப்சூல் குழுவில் எல்.டி.எல். கொஞ்சம் ஏறியே இருந்தது. நம் நாட்டில் ரொம்பப் பேசப்பட்ட குக்குலு என்ற மரப்பிசினும் இப்படித்தான். இங்கே நடந்த ஆய்வுகளில் நன்றாக இருந்தது. 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது எல்.டி.எல். இறங்குவதற்குப் பதில் ஏறியது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

திராட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு பன்னீர் திராட்சையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் மாட்டேன். தோலும் கொட்டையுமாக மென்று சாப்பிடட்டும். ஆனால் அந்தக் கொட்டையின் சத்தைக் கேப்சூலில் அடைத்து, ஏற்கெனவே இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொடுப்பது வேறு. திராட்சை விதை, மஞ்சள், பூண்டு இவற்றின் செறிவான சத்துகளுக்கு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் குணம் இருக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் செய்வது அதே வேலைதான். எல்லாம் சேர்ந்தால் பல் பிடுங்கும்போது ரத்தம் நிற்காமல் போகலாம், வயிற்றில் ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போகலாம். ஈறில் ரத்தம், உடம்பில் காரணமில்லாத நீலத் தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனை நல்ல பொருள்கள் ஏன் வேலை செய்யவில்லை? எனக்குப் படும் காரணங்களைச் சொல்கிறேன். இந்தத் தாவர ஆன்டிஆக்சிடன்ட்களான பாலிபீனால்களைக் குடலும் ஈரலும் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. ரத்தத்தில் மிஞ்சுவது சோதனைக்குழாயில் போட்ட அளவில் ஒரு சிறு பங்கு, அதுவும் சில மணி நேரத்துக்கு. ரத்தத்தில் ஏற்கெனவே யூரிக் அமிலம், அல்புமின் என்று உடம்பின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆக்சிஜனேற்றம் நடப்பது ஓடும் ரத்தத்தில் அல்ல, சுவருக்குள், ஏற்கெனவே படிந்த இடத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக, அது நடுவில் வரும் ஒரு படிதான். சுவருக்குள் நுழையும் எல்.டி.எல். குறையாதவரை கெடுவதற்குப் புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும்.

அடைப்பைக் கரைப்பது என்று ஏதாவது உண்டா என்றால், அதற்குக் கொஞ்சம் நெருக்கமாக வருவது உங்கள் வீட்டுக்காரர் வாரத்தில் பாதி நாள் விட்டுவிடுகிற அந்த மாத்திரை வகைதான். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் ரோசுவாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் இரண்டு வருடம் கொடுத்து, இதய ரத்தக்குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் குழாயை அனுப்பிப் பார்த்தார்கள். எல்.டி.எல். 61 அளவுக்கு இறங்கியவர்களிடம் படிவு சராசரியாக ஒரு சதவீதம் சுருங்கியிருந்தது. ஒரு சதவீதம்தானா என்று தோன்றும். பெரிய லாபம் சுருங்குவதில் இல்லை. படிவின் மேல்தோல் கெட்டியாகி உடையாமல் இருப்பதில்தான். மாரடைப்பு பெரும்பாலும் படிவு உடைந்து அதன்மேல் ரத்தம் உறைவதால் வருவது. மூன்று மாதத்தில் கரையும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

148 எப்படி 71 ஆனது? நீங்கள் எழுதிய தேதிகளை வைத்துப் பார்த்தால் பாட்டில் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே 71 வந்துவிட்டது. அந்த இறக்கம் முழுக்க அட்டார்வாஸ்டாட்டினுக்கும் உங்கள் சமையலுக்கும் சேர வேண்டியது. அதுவும் முடிந்த கணக்கில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய நோக்கு. இவர் மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுவதால் இப்போது அது மறுபடி ஏறியிருக்கலாம். ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போதே இதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இனிக் கெண்டைக்கால் வலி. மருமகன் மாத்திரை மேல் பழி போட்டுவிட்டார். எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருக்கிறது, நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். லயத்திலிருந்து ஃபேக்டரிக்கு மேடேறும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறதா? மறுபடி ஏறினால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறதா? அப்படி என்றால் அது மாத்திரையின் வேலையாக இருக்காது. இதயத்தில் அடைத்த அதே நோய் கால் ரத்தக்குழாயிலும் இருக்கலாம். அதற்கு மருந்தே இந்த மாத்திரைதான், அதைப் போய் நிறுத்திக்கொண்டிருக்கிறார். டாக்டர் பாதத்தில் நாடி பார்ப்பார், கணுக்காலிலும் கையிலும் பி.பி. எடுத்து ஒப்பிடுவார். பெரிய செலவு கிடையாது, வலியும் கிடையாது.

உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் இரண்டு காலிலும், தொடையிலும் சேர்த்து வலி என்றால் அது மாத்திரையாக இருக்கலாம். தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே., தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையே காரணம் என்றாலும் வழியில்லாமல் இல்லை. அளவைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எஸெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கலாம். 2020-ல் ஒரு சுவாரசியமான ஆய்வு வந்தது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் போலி மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரையிலும் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி நிஜமாகவே வந்தது. மாத்திரை கெடுதல் என்று நாலு பேர் சொன்னபிறகு வரும் வலி. மிளகுச் சத்து அட்டார்வாஸ்டாட்டினின் அளவை ரத்தத்தில் ஏற்றி வலியைக் கூட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பாட்டில்களை நிறுத்தி இரண்டு வாரத்தில் வலி என்ன ஆகிறது என்று பாருங்கள்.

மாமியாரின் மருதம்பட்டையை நான் மற்றப் பாட்டில்களோடு சேர்க்க மாட்டேன். நெஞ்சுவலிக்கு அது ஓரளவு உதவியதாக இந்தியாவிலேயே சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. இதயம் பலவீனமான 100 பேருக்கு வழக்கமான மருந்துகளோடு 12 வாரம் அதன் சத்தைக் கொடுத்துப் பார்த்தபோது இதயம் ரத்தம் தள்ளும் திறன் கூடவில்லை. அடைப்பைக் கரைத்ததற்கு ஆதாரம் கிடையாது. ஈரல் ரிப்போர்ட் நன்றாக வந்து, டாக்டருக்கும் தெரியப்படுத்திவிட்டு, எப்போதாவது ஒரு தம்ளர் குடித்தால் நான் தடுக்க மாட்டேன். பெரியவர்கள் ஆசையாக வைத்துக் கொடுப்பது. மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம், அவ்வளவுதான்.

தாவர மருந்தென்றாலே டாக்டர்களுக்கு ஆகாது என்று மருமகன் சொல்லக்கூடும். மும்பையில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர் சர்ப்பகந்தி வேரை ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949-ல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். உலகமே அதைப் பயன்படுத்தியது. ஸ்டாட்டின் வகையே ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் பூஞ்சைகளை ஆயிரக்கணக்கில் தேடி 1970-களில் கண்டுபிடித்த பொருளிலிருந்து வந்தது. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனாக்கோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் மாத்திரையும் ஒரே பொருள். எங்கிருந்து வந்தது என்பதில் எங்களுக்கு வழக்கில்லை. அளவு என்ன, யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேருக்கு மாரடைப்பு குறைந்தது என்று கேட்கிறோம். அந்தப் பாட்டிலின் அடியில் பொடி எழுத்தில் மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும், தேடிப்பாருங்கள். இந்த வகைச் சத்துப் பொருள்களில் அப்படிப் போட வேண்டும் என்பது 2016 முதல் உணவுப் பாதுகாப்பு விதி. ரத்தக்குழாய் தடிப்பைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருடத்துச் சட்டம் ஒன்று பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மருமகனுக்கு இது தெரிந்திருக்காது. மேலே இருப்பவர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் சொல்கிறார்.

சமையலில் ஆன்டிஆக்சிடன்ட்டுக்குப் பஞ்சமே இல்லை, நீங்கள் இருப்பது ஏலமும் மிளகும் தேயிலையும் விளையும் மலை. கட்டஞ்சாயா சீனி குறைத்து நாலு வேளை குடிக்கட்டும், சாப்பாட்டோடு சேர்க்காமல். குழம்பில் மஞ்சள், பூண்டு, மீனில் குடம்புளி எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். மத்தியும் அயிலையும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நல்லது, வறுக்காமல் குழம்பாக. கீரை, பயறு, கொண்டைக்கடலை, ஒரு கைப்பிடி நிலக்கடலை சேருங்கள். காய்கறி, பருப்பு, கொட்டை வகைகள் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோய் குறைவு என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். அதில் ஆன்டிஆக்சிடன்ட்டின் பங்கு எவ்வளவு, நார்ச்சத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. குறைக்க வேண்டியது தேங்காய் எண்ணெயும், கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் வரும் உப்பும். உங்கள் ஊர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவல் இல்லாமல் முடியாது என்று தெரியும், மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீடி, வெற்றிலைக்குள் வைக்கும் புகையிலை இரண்டும் அடியோடு போக வேண்டும்.

மருமகனோடு சண்டை வேண்டாம். தாய்மாமன் என்ற உரிமையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், வாங்கிய காசும் வீட்டுக் காசுதான். கோட்டயத்து டாக்டர் பார்க்கச் சொன்னார் என்று சொல்லி பாட்டில்களைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரல் ரிப்போர்ட் தப்பாக வந்தால் அவற்றில் என்ன இருந்தது, எந்த பேட்ச் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், மருந்துப் பின்விளைவு என்று பதிவு செய்யவும் அது தேவைப்படும். பாட்டில், டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரிப்போர்ட்டில் அளவெல்லாம் சரியாக இருந்தால் ஒரு மாதம் கழித்து எஸ்.ஜி.பி.டி., எல்.டி.எல். இரண்டையும் மறுபடி பார்த்து எனக்கு எழுதுங்கள், கால்வலி மேட்டில் வருகிறதா படுக்கையில் வருகிறதா என்பதையும் சேர்த்து.